கோர்ட்டில் சீட்டு எடுக்கப் போனேன்

டவுனில் இருக்கும் பழைய சிவப்புக் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் புது பெயிண்ட் அடித்து, பாரம்பரியக் கட்டடம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கட்டியதாம், ரொம்ப காலம் கோர்ட்டாகவே இருந்ததாம், கோர்ட் இடம் மாறியதும் புறாக்கள் குடியேறினவாம். இந்தக் கதையெல்லாம் தெரிவதற்கு முன்னாலேயே அந்தக் கட்டடத்தின் மேல் எனக்குப் பைத்தியம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் கேஸ். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பாடு என்போம். ஊரில் அதற்குச் சொம்பில் சீட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தாத்தாவின் பாடு எந்தப் பிள்ளைக்கு என்பது மட்டும் ஊரில் தீராமல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. தீர்ப்பு வரும்வரை இரண்டு பேருமே அங்கே வலை வைக்கக் கூடாது.

லீவு நாளாயிற்றே என்று என்னையும் கூட்டிப்போனார்கள். ஜட்ஜய்யா சீட்டுக் குலுக்குவார், எடுக்கப் போவது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த கெத்து! சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினேன்.

எல்லாரும் ஒரே பஸ்தான். நைனா மேல் கேஸ் போட்ட பெரியப்பாவே எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். கோர்ட்டைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எங்கள் படகை நிமிர்த்தி நிறுத்தலாம், அவ்வளவு உயர வாசல்! மார்பில் டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் இரண்டு பேர் பெயரையும் கூப்பிட்டதும் நானும் உள்ளே ஓடி, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாப்பா, இன்னா வேணும்?" என்றார் டவாலி.

"சீட்டு எடுக்க வந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜய்யாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் ஏதோ எழுதி, வாய்தா என்றார்.

"அப்டின்னா மறுபடியும் வரணும்னு அர்த்தம்மா," என்றார் பெரியப்பா.

இதே கட்டடத்துக்கு இன்னொரு தரமா! வராந்தா முழுக்கக் குதித்தேன். பெரியப்பா பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அம்மாதான் "வாய மூடுடி" என்று தொடையில் கிள்ளினாள். நல்ல சேதிக்கு எதற்குக் கிள்ளுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் நைனா வலையைத் தொடவில்லை. டிபன் பாக்ஸோடு கம்பெனி வேனில் மூட்டை தூக்கப் போனார். பெரியப்பாவும் அதே வேனில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நைனா, அடுத்த வாய்தா எப்போ?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் சந்தோஷமாக, இன்னும் உரக்கக் கத்தினேன்.