ஜூலை மாத ஹீட்டர்

வளைகுடாவில், அஜ்மானில் ஹீட்டர் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அம்மா சிரிக்கவில்லை. "அந்த வெயில்லயா? உன்னை யாரோ ஏமாத்துறாங்கடி" என்றாள். ஜனவரியில் அங்கே பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது, ஒவ்வொரு குளியலறையின் சீலிங்குக்குள்ளும் ஒரு ஹீட்டர் உண்டு என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மெக்கானிக்கல் டிப்ளமா. இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன்.

டெக்னீஷியன் வேலைக்கு வந்த என்னை மேனேஜர் போன் எடுக்க உட்கார வைத்தார். மலையாளி, தமிழ் பாதி பேசுவார். "ஏணி நீ தூக்குமோ மோளே?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

ஜூலையில் ஒரு திருநெல்வேலி அக்கா திரும்பத் திரும்ப போன் செய்தார். ஊரிலிருந்து வந்து சில வாரங்கள்தான். ஹீட்டரை அணைத்தாலும் அணையவில்லையாம். போன டெக்னீஷியன்கள் இந்தியில் "சப் டீக் ஹை", எல்லாம் சரி என்று சொல்லித் திரும்பிவிட்டார்கள். அக்காவுக்கு இந்தி தெரியாது. கம்பெனியில் தமிழ் தெரிந்த டெக்னீஷியன் நான் மட்டும்தான்.

"போ. அந்தம்மா மறுபடி கம்ப்ளைன்ட் சொன்னா உனக்கு போன்தான். இல்லேன்னா திங்கட்கிழமை முதல் ஏணி" என்றார் மேனேஜர்.

கதவைத் திறந்த அக்கா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆள் எங்கம்மா?"

"நான்தான்க்கா ஆள்."

அவர் குளியலறையில் பச்சைத் தண்ணீருக்கான நீலக் குழாயைத் திறந்தார். "தொட்டுப் பாரு. காப்பியே போட்டுரலாம். சுவிட்ச் அணைச்சுதான் கெடக்கு."

மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதிக்கிறது, அந்தத் தண்ணீர் நேராக நீலக் குழாயில் வருகிறது என்றேன். அணைத்த ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீர் மட்டும் ஏசியில் ஆறிக் கிடக்கும். "கோடையில சிவப்பைத் திறந்துதான் குளிக்கணும்க்கா."

"சுடுதண்ணிக் குழாயில கைய வைக்கச் சொல்லுதியா?"

நான் வைத்தேன். நான் அலறுவேன் என்று அவர் காத்திருந்தார். பிறகு தானும் வைத்துப் பார்த்தார்.

"அப்போ ஹீட்டர் கெட்டுல்லா போச்சு! சுடவே இல்லையே. ஆம்பளை ஆளு யாரையாவது அனுப்பும்மா."

வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி இழுத்துக்கொண்டு வந்தேன். சீலிங் பலகையைத் தள்ளிவிட்டு இறங்கி, அக்காவை ஏறச் சொன்னேன். நைட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஏறி, ஹீட்டரைத் தடவினார்.

"குளுந்து கெடக்கு" என்றார் மேலேயிருந்து. "அப்போ இத என்னத்துக்கு மாட்டி வச்சிருக்கான்?"

"ஜனவரிக்கு."

மறுநாள் போனை எடுத்த மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அந்த அக்காதான் என்று தெரிந்துவிட்டது. ரிசீவரை நீட்டினார்.

"நேத்து வந்த புள்ளையா? குளுந்த தண்ணி பூராத்தையும் அவுகளே குளிச்சுத் தீத்துட்டாக. நான் போனா சிவப்புலயும் கொதிக்கு. இந்த மனுசன என்ன செய்ய?"

உள்ளே வந்த புதுத் தண்ணீர் ஆற நேரமாகும், நாளைக்கு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

"எந்தா கம்ப்ளைன்ட்?" என்றார் மேனேஜர்.

"புருஷன் மேல சார்."

அவர் கம்ப்ளைன்ட் நோட்டை மூடினார். "அது நம்ம கான்ட்ராக்ட்ல இல்ல."

திங்கட்கிழமை கம்பெனி ஏணியை என் தோளில் வைத்தார்கள். வாட்ச்மேனுடையதைவிட ரொம்பக் கனம். நான் யாரிடமும் சொல்லவில்லை.