கடற்கரைக்கென்று கட்டிய கணினி

இந்த ஊரில் வீட்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிப்பதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் சாஸ்கட்டூனில் வந்து இறங்கிய அன்று, பித்தான் அறுந்த சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அது இன்றைக்கும் அங்கேயே, கடையில் வாங்கிய பளபளப்போடு கிடக்கிறது. வேறு ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். தூத்துக்குடிக்காரர்களுக்குத் தோன்றாது. முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டில் ஊக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. சைக்கிள் செயின், கதவுக் கொண்டி, மின்விசிறியின் திருகாணி என்று ஒவ்வொன்றாக உப்புக்காற்று தின்றுகொண்டே இருக்கும். இங்கே, கனடாவின் நடுவில், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யாரும் யோசிக்காத சமவெளியில், காற்றுக்குப் பசியே இல்லை.

அதனால்தான் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிக் கட்டுவது என்று முடிவு செய்தபோது, வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் துருவைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர் செம்பட்டைத் தாடி வைத்த பொறுமையான மனிதர். எதற்குக் கணினி என்றார். பகலில் டிசைன் வேலை, ஓய்வில் விளையாட்டு என்றேன். தலையாட்டினார். கடலுக்குப் பக்கத்தில் வைத்தால் தாங்கும் கேபினட் எது என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“படகில் குடியிருக்கிறாயா?”

“இல்லை, அப்பா வீட்டில் வைக்கப் போகிறேன்.”

“ஓ, அப்பா படகில் இருக்கிறாரா?”

எங்கள் வீடு தரையில்தான் இருக்கிறது, காற்றுதான் கடலிலிருந்து வருகிறது என்று விளக்கிப் பார்த்தேன். அவருக்கு அது அரைகுறையாகத்தான் புரிந்தது. இருந்தாலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் போட்டு, “உன் அப்பாவின் படகுக்கு” என்றார். நான் மறுக்கவில்லை.

அந்தக் கணினி இந்த ஊருக்கானது இல்லை. ஏப்ரல் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். இங்கே நான் ஒரு நிறுவனத்தில் உணவுப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கிறேன். நல்ல வேலைதான். ஆனால் ஊரில் ரீகன் இருந்தான். முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு டிசைன் ஸ்டூடியோ தொடங்குவது, வேலை போக மிச்ச நேரத்தில் எங்கள் சொந்தக் கணினி விளையாட்டை முடிப்பது என்பது கல்லூரியிலேயே போட்ட திட்டம்.

ரீகன் கடற்கரைத் தெருப் பையன். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கப்பலோட்டிகள். என் வீட்டில் எனக்கு முன் எவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கப்பலின் மேல்தளத்தோடு இறுக்கிக் கட்டும் வேலை பார்க்கிறார். கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. முதல் நாள் எங்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். எனக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியவில்லை. “ஏலே செல்வா, அது ஒண்ணும் கடிக்காது. நீ தட்டு, நா நகத்துதேன்” என்றான். அன்றிலிருந்து கீபோர்டு எனக்கு, மவுஸ் அவனுக்கு. பிரவுசிங் சென்டரில் விளையாடும்போதும் அப்படியே. ஒருவன் ஓட, ஒருவன் சுட. தோற்றால் அவன் என்னையும் நான் அவனையும் திட்டிக்கொண்டே புரோட்டாக் கடைக்கு நடப்போம்.

நாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டும் அதே பங்கீடுதான். ஒரு துறைமுகம், ஆடுபவர் கிரேனை இயக்கிச் சரக்கை ஏற்ற வேண்டும். தரை எனக்கு: கிரேன், கிடங்கு, லாரி, கப்பல் கயிறு மாட்டும் இரும்புக் குற்றி. கடல் அவனுக்கு: அலை, வெளிச்சம், தூரத்துப் படகுகள். நான் இங்கே வந்த பிறகும் கோப்புகள் போய் வந்துகொண்டிருந்தன. கிரேன் ஏணியின் மூன்றாவது படியில் ஒரு மஞ்சள் பையை மாட்டி வைத்திருந்தேன். அப்பா மதியச் சாப்பாட்டை அப்படித்தான் மாட்டி வைப்பார், எறும்பு ஏறாது என்று. விளையாட்டுக்கு அந்தப் பையால் எந்தப் பயனும் இல்லை.

மூன்று மாதம், ஞாயிறுதோறும், எனக்குக் காலையாகவும் அவனுக்குச் சாயங்காலமாகவும் இருந்த நேரத்தில், நாங்கள் பாகங்களைத் தேர்ந்தெடுத்தோம். நான் விளையாட்டை நினைத்து வேகமான கிராபிக்ஸ் கார்டைக் காட்டினால், அவன் மெமரி அதிகமுள்ள வேறொன்றைக் காட்டினான். “கேம் லேசா திக்கினா திக்கிட்டுப் போவுது. பெரிய சீன் ரெண்டர் ஆகிப் படமா வரும்போது மெமரி பத்தாம நின்னா கஸ்டமர்ட்ட என்னத்தச் சொல்லுவ?” தண்ணீர் ஓடும் கூலர் அழகாக இருக்கிறது என்றேன். “அழகப் பாத்து பொண்ணு கட்டு, கூலர் வாங்காத. அது ஒழுவிச்சுன்னா இங்கன பாக்க ஆளு கெடையாது. பெரிய ஃபேனா போடு.” கேபினட்டில் கண்ணாடி வேண்டாம், விமானத்தில் உடையும். காற்றை வெளியே தள்ளும் விசிறியைவிட உள்ளே இழுக்கும் விசிறி ஒன்று கூடுதலாக இருக்கட்டும், முன்னால் ஃபில்டர் இருக்கட்டும். அப்போதுதான் இண்டு இடுக்கு வழியாக உப்புக்காற்று நுழையாது. பவர் சப்ளை நம் ஊர் மின்சாரத்துக்கும் ஒத்துவர வேண்டும். எல்லாம் அவன் சொன்னதுதான். செம்பட்டைத் தாடிக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இங்கே இவ்வளவு குளிர்ச்சி எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதுமே” என்று சிரித்தார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மேசையில் பரப்பி வைத்துக் கட்டி முடித்தேன். முதல் அழுத்தத்திலேயே உயிர் வந்தது. எங்கள் துறைமுகத்தைத் திறந்து பார்த்தேன். அலை ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. மறுநாள் ரீகனை அழைத்தேன். எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. காய்ச்சலோ என்று பயந்தேன்.

அந்தப் புதன்கிழமை, வேலை தேடுபவர்களுக்கான தளத்தில் சிங்கப்பூர் விளையாட்டு நிறுவனம் ஒன்று தன் புதிய கலைஞரை வரவேற்றிருந்தது. ரீகனின் படம். கீழே அவனுடைய வேலை என்று ஒரு நிமிடக் காணொளி. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு துறைமுகம். கேமரா கடலிலிருந்து எழுந்து, கிடங்கைத் தாண்டி, கிரேனில் ஏறுகிறது. ஏணியின் மூன்றாவது படியில் மஞ்சள் பை. முழுவதும் இவர் ஒருவரே செய்தது என்று எழுதியிருந்தார்கள்.

நான் எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. கடைசியில், ‘பாத்துட்டேன்’ என்று ஒரே சொல்லை அனுப்பினேன். அவனே அழைத்தான்.

“ஏலே, கோவப்படாதடே. ரெண்டு பேரு செஞ்சதுன்னு சொன்னா, எது உன் பங்குன்னு கம்பெனிக்காரன் கொடைவான். அதுக்குப் பயந்துதான்…”

“ஏலே, அது எங்கப்பா பை.”

அவன் பின்னால் ஏதோ ரயில் அறிவிப்பு, நமக்குத் தெரியாத தாளத்தில்.

“ஆமா, அத எடுத்திருக்கணும். மறந்துட்டேன்” என்றான்.

மறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எப்போது விசா வந்தது என்று கேட்டேன். ஜனவரியில் என்றான். ஜனவரியில்தான் நாங்கள் ஃபில்டரைப் பற்றிப் பேசினோம்.

“பொறவு ஏம்லே வாராவாரம் எங்கூட உக்காந்து சாமான் பாத்த?”

“நீ ஆசையா கேட்ட. மூஞ்சிக்கு நேர எப்பிடிச் சொல்லுவேன்? நா சொன்னதுல ஒண்ணாவது தப்பாலே? நல்ல மெஷின்தான?”

“கூறுகெட்ட மூதி, மெஷினையா கேக்கேன்?”

“நாலு வருசமா வாரேன் வாரேன்னு சொல்லுத. நீ போம்போது எங்கிட்ட கேட்டுட்டா போன? உனக்கு எடம் போட்டு வச்சிக்கிட்டு நா இங்கனயே கெடக்கணுமோ?” அவன் ‘இங்கன’ என்றது சிங்கப்பூரை இல்லை, ஊரை. அது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

வெளியே இருக்கும் நம்மில் பலர், ஊரில் ஒருவரை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். அவர் நின்ற இடத்தில் நிற்கும்வரை, நமக்கு ஊர் இருக்கிறது என்ற தைரியம். அவருக்கும் கால் வலிக்கும் என்று நினைப்பதில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் போனதை மன்னிக்க முடிகிற எனக்கு, அவன் சொன்ன ஆலோசனைகளை மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் சரியான ஆலோசனை. விசாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தான் உட்காரப்போகாத அறைக்கு, காற்று எந்தப் பக்கம் வரும் என்று கைவைத்துக் காட்டியிருக்கிறான். பொய்யாக ஒரு மட்டமான கார்டை என் தலையில் கட்டியிருந்தால், ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு தூக்கி எறிந்திருப்பேன். இது நன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் அவனுடைய தேர்வை என் கையால் உயிர்ப்பிக்கிறேன்.

தனியாளாக அந்த ஸ்டூடியோவை நடத்த எனக்குத் தெரியாது. ஊரில் வேலை பிடிப்பதும் ஆட்களிடம் பேசுவதும் அவன் பங்கு. வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போய், ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டு, “உனக்கு எங்களைப் பிடித்துப்போய்விட்டது” என்றார். ஆமாம் என்றேன். மதியம் எல்லோருக்கும் கேக் வாங்கினார். நான் தங்குவதைக் கொண்டாடி எட்டுப் பேர் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார். வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். அவர் போனைத் திருப்பி முன்னறையைக் காட்டினார். அங்கே கிடந்த கட்டில் இல்லை. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. நடுச்சுவரில், நெஞ்சளவு உயரத்தில், தனியாக ஒரு பிளக் பாயின்ட்.

“ஏம்ப்பா இவ்வளவு மேல?”

“வெள்ளம் வந்தா தண்ணி அங்கன வரை ஏறாதுல்லா. வயர்க்காரன் எல்லாரும் கீழதான் வைப்பாங்கன்னான். ‘நீ சொன்னதச் செய்யிடே’ன்னேன். மேச ஒசரத்த மட்டும் சொல்லு, ஆசாரிட்ட சொல்லிருதேன். எப்ப வாரே?”

வாயைத் திறந்தேன்.

“ஒரு சாமான் மட்டும் இன்னும் வரலப்பா.”

“என்ன சாமான்?”

“ஃபேன் ஒண்ணு. நம்ம ஊரு சூட்டுக்குத் தக்கன உள்ளது.”

“அது முக்கியம்லா. மெதுவா வரட்டும், நல்லதாப் பாத்து வாங்கு” என்றார் அப்பா. போனைச் சுவருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய், சுவிட்சைப் போட்டுக் காட்டினார். எதுவும் செருகாத அந்தப் பாயின்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. “கரண்ட் வருது பாத்தியா” என்றார். என் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டிய கனடாப் பிளக்கில், எல்லா விசிறிகளும் இருக்கும் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாதே என்று காலால் மெல்லத் தள்ளி வைத்தேன்.