ஏழாம் எண் கோர்ட்டில் என் தங்கை

இந்த நாட்டில் மனிதர்கள் வெயிலில் உட்காருவதற்கு டிக்கெட் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்து இத்தனை வருடங்கள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. ஜனவரி மாதத்து நடுப்பகலில், முகத்தில் வெள்ளைக் களிம்பை அப்பிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக டென்னிஸ் மைதானத்து வாசலில் சிரித்தபடி வரிசையில் நிற்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் அப்படிப்பட்ட வெயிலில் ஒருவர் நின்றால், அவருக்கு வேறு வழியில்லை என்று அர்த்தம். என் அம்மா மரவள்ளிக் காட்டில் களையெடுத்த வருடங்களில், அந்த வெயிலுக்கு யாராவது காசு கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால் எங்களைப் பைத்தியம் என்றிருப்பாள்.

இந்த வருடம் அந்த வரிசையில் நானும் என் தங்கை சுமதியும் நின்றோம். நான் இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். சுமதி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறாள். விசிட்டர் விசா கிடைத்து அவள் வந்ததும், கடற்கரைக்குப் போகலாமா, மிருகக்காட்சி சாலைக்குப் போகலாமா என்று கேட்டேன். "டென்னிஸு காட்டுக்கா, அது போதும்" என்றாள். எங்கள் நகரத்தில் நடப்பது சிறிய போட்டிதான். பெரிய நட்சத்திரங்கள் வரமாட்டார்கள் என்று எச்சரித்தேன். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தரவரிசையில் எங்கோ கீழே கிடக்கும், ஏதோ ஒரு சின்ன நாட்டிலிருந்து வரும் இடது கை ஆட்டக்காரி ஒருத்தியை அவள் இரண்டு வருடங்களாகக் கைபேசியில் பின்தொடர்கிறாள். கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பெண் தோற்பதையெல்லாம் பார்த்திருக்கிறாள். "என்ன மாதிரியே பீச்சாங்கைக்கா. ரெண்டாவது சர்வீஸ்தான் சொதப்பிக்கினு இருக்கா."

அந்தப் பெண்ணின் ஆட்டம் ஏழாம் எண் கோர்ட்டில். சின்ன கோர்ட். இருக்கைகளுக்கு எண் கிடையாது. முதலில் வருபவர் முதலில் உட்காரலாம். சுமதி ஓடிப்போய் முதல் வரிசையில் இடம் பிடித்தாள். ஆட்டக்காரி துண்டால் கழுத்தைத் துடைப்பது கை நீட்டினால் தொடும் தூரத்தில் தெரிந்தது. சுமதி உள்ளங்கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்தாள். நெட்டை ஒட்டி விழுந்த ஒரு பந்துக்கு, "சூப்பர்மா!" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் செட் முடிந்ததும் நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, ஆரஞ்சுச் சட்டை போட்ட மைதான ஊழியன் ஒருவன் அவள் முன்னால் குனிந்து நின்றான். காது கேளாதவர்களிடம் பேசுவதைப்போல ஒவ்வொரு சொல்லாக அழுத்தி, "ஆர் யூ... ஒர்க்கிங்... டுடே?" என்று கேட்டான். வேலையைப் பற்றி அன்பாக விசாரிக்கிறான் என்று நினைத்த என் தங்கை, முகமெல்லாம் சிரிப்பாக, "எஸ், எஸ்! டெக்ஸ்டைல் ஷாப்!" என்றாள்.

"ஸ்டாஃப் இங்கே உட்காரக் கூடாது" என்றான் அவன்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கே குப்பை பொறுக்கும் பெண்களெல்லாம் கருநீலச் சட்டை போட்டிருந்தார்கள். பெரும்பாலோர் எங்கள் நிறம். சுமதி உடுத்தியிருந்தது கருநீலச் சுடிதார். பயணத்துக்கென்று அவள் கடையிலேயே எடுத்து, தைத்துக்கொண்டு வந்தது.

இரண்டு டிக்கெட்டுகளையும் காட்டினேன். அவன் முகம் சிவந்தது. ஆனால் நிமிர்ந்து போய்விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தொப்பிக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதற்கும் கடைசி வரிசைக்குப் போய்விடுங்களேன், எல்லோருக்கும் வசதியாக இருக்கும்" என்றான். யார் சொல்லி வந்தான் என்பது விளங்கிவிட்டது. என் வாய் தானாகவே "சாரி" என்றது. கை தானாகவே பையை எடுத்தது.

"இன்னாத்துக்குக்கா பைய எடுக்கற? இன்னா சொல்றான் அவன்?"

சொன்னேன். சுமதியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"அன்னிக்கு அப்பா என்ன எழுப்பி இட்டுக்கினு போனாரு. இன்னிக்கு நீ எழுப்பாத. நான் வர மாட்டேன்."

அது நாங்கள் பள்ளியில் படித்த காலம்; கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் டென்னிஸ் ஆட எங்கள் அரசுப் பள்ளியில் ஆளே இல்லை. விளையாட்டு டீச்சர் சுமதியின் கையில் ஒரு பழைய மட்டையைக் கொடுத்தார். இரண்டு மாதம் பள்ளிக்கூடச் சுவரில் அடித்துப் பழகினாள். நிஜமான கோர்ட் என்று ஒன்று இருந்தது டவுனில், பெரிய மனிதர்களின் மனமகிழ் மன்றத்தில் மட்டும்தான். டீச்சர் யாரிடமோ கேட்டு வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்களை அனுப்பினார். மரவள்ளி மூட்டை ஏற்றும் வேலைக்கு டவுனுக்குப் போன அப்பாவோடு லாரியில் போனோம். அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார். சுமதி செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் செம்மண் தரையில் நாலு பந்து அடித்திருப்பாள். அந்தப் பந்துகள் எழும்பிய சத்தத்தில் அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். அதற்குள் மன்றத்தின் செயலாளர் வந்துவிட்டார்.

"யாரு புள்ளைங்கடா இதுங்க? எந்த ஊரு?"

கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் ஊரின் பேரைச் சொன்னோம்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் அப்பா உள்ளே வந்துவிட்டார். "தெரியாம வந்துட்டாங்க சாமி" என்று குனிந்து, தரையில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த சுமதியின் தோளைப் பிடித்துத் தூக்கினார். நாங்கள் கேட்டைத் தாண்டும்போது ஒருவன் குழாயைத் திறந்து, அவள் நின்ற பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் அடித்தான். "மண்ணு தரைம்மா, டெய்லி தெளிக்கிறதுதான்" என்றார் அப்பா. போட்டிக்கு அவளை அனுப்பவில்லை. அந்த மன்றம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

ஏழாம் எண் கோர்ட்டில் நான் பையைக் கீழே வைத்தேன். "இந்த வரிசையில் இருக்கும் எல்லோருடைய டிக்கெட்டையும் பாருங்கள். பிறகு நாங்கள் எழுந்திருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முதியோர் இல்லத்தில் நான் பேசும் மென்மையான ஆங்கிலம் அல்ல அது; எனக்கே புதிதாக இருந்தது. அவன் "ப்ளீஸ், மேடம்" என்றான். நான் மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னேன். அம்பயர் ஒலிபெருக்கியில் அமைதி கேட்டார். மொத்தக் கூட்டமும் எங்களைப் பார்த்தது. சர்வீஸ் போட பந்தைத் தட்டிக்கொண்டிருந்த அந்த இடது கைக்காரியும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சுமதி அசையவில்லை. அவன் வெள்ளைத் தொப்பிக்காரரை மறுபடியும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு போய்விட்டான். வெள்ளைத் தொப்பிக்காரர் தன் கைபேசியில் எதையோ தீவிரமாகப் படிக்கத் தொடங்கினார்.

அந்தப் பெண் மூன்றாவது செட்டில் தோற்றாள். எங்களால்தானோ என்று எனக்கு உறுத்தியது. "அதெல்லாம் இல்லக்கா, ரெண்டாவது சர்வீஸு" என்றாள் சுமதி. ஆட்டக்காரி பைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது சுமதி எழுந்து நின்று, கை வலிக்கும்வரை தட்டினாள். வெளியே ஒரு மேலதிகாரி காத்திருந்தார். எல்லாம் ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று சொல்லி, போட்டியின் பெயர் அச்சிட்ட இரண்டு தொப்பிகளை நீட்டினார். இதில் என்ன தவறான புரிதல் இருக்கிறது? எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் யாராக இருக்க முடியும் என்று முடிவு செய்தார்கள். கள்ளக்குறிச்சியில் செயலாளருக்கு அதற்கு ஒரு கேள்வியாவது தேவைப்பட்டது. தொப்பிகளை வாங்கவில்லை.

மரத்தடியில் புளிசாதத்தைப் பிரித்தபோது, இங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாக்களில் பார்த்துப் பழகிய சின்னசேலத்துக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுக் கொதித்தார்.

"இவனுங்களுக்குத் திமிரு ஜாஸ்திங்க. விடாதீங்க, கம்ப்ளெயின்ட் குடுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் சுமதியின் பக்கம் திரும்பினார். "உங்க வூடு கள்ளக்குறிச்சில எந்தப் பக்கம்?"

"கச்சிராயபாளையம் ரோடுங்க."

"அது சரி. ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?"

அதே கேள்வி. கடல் தாண்டி, விமானத்தில் வந்து, வெயிலுக்குக் களிம்பு பூசிக்கொண்டு நிற்கும் அதே கேள்வி. சுமதி டப்பாவை மூடினாள்.

"ஏழாம் நம்பர் கோர்ட்டுங்க. மொத வரிசை."

அவர் சிரிக்கப் பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை. யாரையோ தேடுவதைப்போல எழுந்து போனார். கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அன்று அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரனைவிட இவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது. ஒருவனை எதிர்க்க இன்னொருவனின் தோள் வேண்டும் என்று நினைத்த என்மேலும் வந்தது.

மாலையில் கிளம்பினோம். பெரிய கோர்ட்டில் ஏதோ ஆட்டம் சூடுபிடித்திருந்தது. சுவருக்கு அப்பால் கூட்டம் ஆரவாரம் செய்தது. சுமதி சுழலும் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் கதவுக்குள் கால் வைத்தபோது, கையில் ஸ்கேன் செய்யும் கருவியோடு நின்ற வயதான அம்மாள் என் டிக்கெட்டைக் கேட்டார். திரும்பி வருவதென்றால் இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டுமாம்.

"ஆர் யூ கமிங் பேக், டியர்?"

"இன்னாக்கா கேக்கறாங்க?" என்றாள் சுமதி, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து.

"திரும்பி வருவியான்னு."

"எங்க, ஊருக்கா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்த அம்மாள் பொறுமையாகச் சிரித்தபடி கருவியை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் முன்னால் ஒரு கம்பியும் முதுகில் ஒரு கம்பியுமாக, டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி அந்தக் கதவுக்குள் நின்றேன்.