கப்பல் மாமா மலையேறிய நாள்

நீண்ட கப்பல் பயணம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை என்பதை எங்கள் குடும்பம் என் மாமா மூலமாகத்தான் தெரிந்துகொண்டது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. உல்லாசக் கப்பல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை அவருக்கு. பத்து மாதம் கடல் கடலாகச் சுற்றிவிட்டு, இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, விமானமேறி எங்கள் ஊரான நைனார்பாளையம் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையிலேயே, பழைய சிநேகிதர்களைப் பார்க்கக் கிராமத்துக்குப் போகப்போவதாக அறிவித்தார்.

"இப்ப நாம இருக்கிறது இன்னா, டவுனா?" என்றார் அப்பா.

மாமா விளக்கினார். அவர் கவனித்துக்கொண்ட அறைகளில் ஒன்றில் வயதான இங்கிலாந்துத் தம்பதி இருந்தார்களாம். கடைசி நாள் பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கும்போது, நேரே வீட்டுக்குத்தானா என்று மாமா கேட்டிருக்கிறார். இல்லை, கிராமத்தில் சின்ன வயதுச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள், அங்கே நாலு நாள் இருந்துவிட்டுத்தான் வீடு என்றார்களாம். அங்கே மேடும் பள்ளமுமாகப் பச்சைப் பசேலென்று இருக்குமாம், செம்மறியாடுகள் மேயுமாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், தனக்கும் இப்படி ஒரு ஜோடி மலைமேல் இருக்கிறதே என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது.

அந்த ஜோடி இருந்தது கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். மாமாவும் அவர்கள் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு மலையில் விவசாயம் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மலை மாமா, மலை அத்தை.

அம்மாவுக்குக் கோபம். "பத்து மாசம் கழிச்சு வந்தவன், ஒரு நாளு வூட்ல குந்த மாட்டியா?" என்றாள். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, "இவள இட்டுக்கினு போ. அப்பதான் சாயந்திரம் ஒழுங்கா வந்து சேருவ" என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு. ஒரு பெரிய மனிதரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மாமா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மடியில் அந்தத் துறைமுகத்தில் வாங்கிய பிஸ்கட் டப்பா. பக்கத்தில் காலுக்கிடையே உர மூட்டையோடு உட்கார்ந்திருந்தவரிடம் அவர் கச்சிராயபாளையம் வரைக்கும் கடலைப் பற்றிப் பேசினார். புயலில் கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்ததாம். எல்லாரும் வாளியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்களாம். மாமா ஒருவர் மட்டும் அசையாமல் நின்று துண்டு மடித்தாராம். உர மூட்டைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

மலைப்பாதை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் மாமா கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. மூன்றாவதில் பிஸ்கட் டப்பாவை என் மடிக்கு மாற்றினார். அடுத்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவர், மேலே போய்ச் சேரும்வரை அதை முழுதாக உள்ளே கொண்டுவரவே இல்லை.

"யோவ், தலைய உள்ள இழு! எதுக்கால வண்டி வருது!" என்று கண்டக்டர் கத்தினார்.

உர மூட்டைக்காரர்தான் மாமாவின் முதுகைத் தடவிவிட்டு, பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே பிடித்தார். "அப்ப கப்பல்ல எப்பிடிங்க சமாளிச்சிங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"கப்பல்ல வளைவு கெடையாது" என்றார் மாமா.

இறங்கியதும் ரோட்டோரக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்தார்.

"வாந்தி எடுத்தத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. ஒன் மலை மாமன்கிட்ட போன்ல ரொம்ப ஜாஸ்தியா அளந்து வுட்டுட்டேன்."

ஈரத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எங்கள் வகுப்பில் இந்த விஷயங்களில் தேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். சத்தியத்தை மீறினால், எந்தத் தலையில் அடித்தோமோ அந்தத் தலை வெடிக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆகவே இது விளையாட்டல்ல என்று எனக்குத் தெரியும்.

வீட்டை நெருங்கியதுமே மலை மாமா ஓடிவந்து மாமாவை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். சற்றுமுன் என்ன நடந்ததென்று தெரிந்திருந்தால் அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மலை அத்தை, "இன்னா, கறுத்துப் போயிட்ட! கடலுக்குள்ள வெயிலு அடிக்குமா?" என்று சிரித்தபடியே பிஸ்கட் டப்பாவை வாங்கினார். அதன் மூடியில் ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் படம். கூரை வீடு, சரிவான புல்வெளி, ஆடுகள்.

"அங்கயும் கூரை வூடுதானா?" என்று அத்தை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வாங்கியாரவா அம்மாந்தூரம் போன?"

அன்று காலையில் வீட்டிலிருந்த பெரிய சேவலை அறுத்திருந்தார்கள். வாசலிலேயே குழம்பு மணத்தது. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. மாமா மூக்கை லேசாகத் திருப்பிக்கொண்டதை நான் மட்டும் பார்த்ததாக நினைத்தேன். அத்தையும் பார்த்துவிட்டார்.

இலை போட்டார்கள். சாமைச் சோறு, மேலே கோழிக் குழம்பு. மாமா ஒரு வாய் எடுத்தார். அது உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் வெகுநேரம் நின்றது. பிறகு விரலால் சோற்றை இலையின் ஓரங்களுக்கு நகர்த்தத் தொடங்கினார்.

"இன்னாடா, பசிக்கலயா?" என்றார் மலை மாமா.

"வர்ற வழியில சாப்டுட்டோம்" என்றார் மாமா. நான் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "இவரு நெல்லுச் சோறு ஆக்கச் சொன்னாருங்க. நாந்தான், உங்களுக்குப் புடிக்குமேன்னு சாமை ஆக்கிட்டேன். தப்புதாங்க."

அதுவரை மாமாவை 'நீ, வா, போ' என்று பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட ஆரம்பித்தார். தண்ணி குடிங்க என்றார். எழுந்திருக்கிறதுன்னா எழுந்திருங்க என்றார். மாமாவின் மதிப்பு ஒரேயடியாக உயர்ந்துவிட்டதாக எண்ணி நான் பெருமைப்பட்டேன். ஆனால் மாமாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"வுடு" என்றார் மலை மாமா, யாரையும் பார்க்காமல். "முள்ளுக் கரண்டில துன்னு பழகுனவன். நம்ம சோறு எறங்குமா?"

அத்தை மாமாவின் இலையை எடுக்கக் குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது எனக்குத் தாங்கவில்லை. இரண்டு முறை சோறு போட்ட கை அது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமாவின் தலையைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? செய்துகாட்ட மாட்டேன் என்று இல்லையே.

நான் எழுந்து நடுவீட்டில் நின்றேன். பஸ் வளைவில் திரும்புவதுபோல உடம்பை ஒரு பக்கம் சாய்த்தேன். பிறகு மறுபக்கம். கற்பனை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "உவ்வே" என்றேன்.

"ஐயோ, கொழந்தைக்கு ஒத்துக்கல!" என்று அத்தை ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்தார். மலை மாமா சொம்போடு வந்தார். நான் தலையை ஆட்டி மறுத்து, மாமாவைச் சுட்டிக்காட்டினேன். திரும்பவும் சாய்ந்தேன், நீட்டினேன், "உவ்வே" என்றேன், சுட்டிக்காட்டினேன். இப்படி மூன்று முறை. மூன்று முறையும் ஓரக்கண்ணால் மாமாவின் தலையைக் கவனித்துக்கொண்டேன். அது வெடிக்கவில்லை.

மலை மாமா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். "டேய்" என்றார். "பஸ்ஸுலயா?"

மாமா தலையைக் குனிந்தார்.

மலை மாமா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சொம்புத் தண்ணீர் முழுக்க என்மேல் கொட்டியது. அவர் தரையில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமாவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? மூஞ்சியப் பாரு!" மாமாவின் மதிப்பு இறங்கிவிட்டது.

சுக்குத் தண்ணி கொடுத்துப் பாயில் படுக்க வைத்தார்கள். கூரையைப் பார்த்தபடி மாமா சொன்னார், "கப்பல்லயும் இதே கதிதான்டா. மொத மாசம் பூரா. நின்னேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. என் வாந்தியத் தொடச்சுப்புட்டு, அடுத்தவங்க வாந்தியத் தொடைக்கப் போவேன்."

மலை மாமா இன்னொரு முறை சிரிக்கத் தொடங்கி, ஏனோ பாதியில் நிறுத்திவிட்டார். மாமா அதற்குள் தூங்கியிருந்தார். அவர் படுக்கிற அறைக்குக் கப்பலில் ஜன்னலே கிடையாதாம் என்று மலை மாமா அத்தையிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

வெயில் தாழ எழுந்தவர், பசி என்றார். அதே சாமைச் சோற்றையும் குழம்பையும் சூடு பண்ணிப் போட்டார்கள். மாமா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

குழம்பை ஊற்றியபடி அத்தை கேட்டார். "திரும்பப் போயே ஆவணுமா நீ?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கப்பல் இயந்திரச் சத்தத்தில் மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நானே அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன்: "மாமா, அத்தை கேக்குறாங்க! திரும்பப் போயே ஆவணுமான்னு!"

மாமாவின் கை நின்றது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் குழம்புச் சட்டியைப் பார்த்தார்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு கோழிக்கால் கிடந்தது. அதை யாருக்குப் போடுவது என்றுதான் யோசிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, எனக்கு வேண்டாம் என்றேன்.