மாமாவின் மேல் கொடுத்த புகார்

என் சொந்த மாமாவின் மேல் நான் ஒரு புகார் கொடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது. யார் மேல் எரிகிறது என்பதுதான் வருடத்துக்கு வருடம் மாறுகிறது.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கல்யாணமானபோது அவருக்கு ஏழு வயது. தாயில்லாத பிள்ளை என்று அம்மா அவரையும் கூடவே சங்கராபுரத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். அப்பாவின் பஞ்சர் கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். கள்ளக்குறிச்சியில் கேட்டரிங் படித்து, உல்லாசக் கப்பலில் வேலைக்குப் போனார். என்னை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கரியாலூர் அருவிக்குக் கூட்டிப்போனவர், ஒன்பது மாதமாய் செல்போனில் மட்டும் முகம் காட்டினார். கப்பல் சென்னைக்கு வந்தபோது, ஊழியர் குடும்பங்களுக்கான சலுகையில் எங்கள் மூவருக்கும் மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்.

துறைமுகத்தில் பைகளை இயந்திரத்துக்குள் விட்டார்கள். அம்மா மாமாவுக்கென்று எடுத்துவந்த கருவாட்டுத் தொக்கைக் காவலாளி ஒருவர் வெளியே எடுத்து மோந்து பார்த்தார்.

“வெளிச் சாப்பாடு உள்ள வுட மாட்டாங்கம்மா.”

“எந்தம்பிக்குங்க. இந்தக் கப்பல்லதான் வேலை செஞ்சிக்கினு இருக்கறான்.”

“யாருக்கா இருந்தாலும் அப்டித்தான்.”

டப்பா குப்பைத்தொட்டியில் விழுந்தது. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அப்பா “வுடு” என்றார். என் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஆறாவது தளத்தில் எங்கள் அறை. கட்டில், சோபா, வட்ட ஜன்னல் நிறையக் கடல். நான் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். ஓடிப்போய்த் திறந்தேன். மாமா! வெள்ளைச் சட்டை, மார்பில் பெயர்ப்பட்டை, கையில் மடித்த துண்டுகள். கட்டிப்பிடிக்கத் தாவினேன். அவர் ஓரடி பின்வாங்கினார்.

“குட் ஆஃப்டர்நூன் மேடம்,” என்றார் என்னைப் பார்த்து.

அப்பாவை ‘சார்’ என்றார். துண்டு எங்கே, ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டை எங்கே என்று இங்கிலீஷில் ஒப்பித்தார். அவருக்குப் பின்னால் கோட்டு போட்ட ஒருவர் கையில் தாளும் பேனாவுமாக நின்றிருந்தார். அவரை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அம்மா “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டினாள். தான் வளர்த்த தம்பிக்கு ‘சரிங்க’!

கதவு மூடியதும் கத்தினேன். “இன்னாம்மா, மாமாக்கு நம்மளத் தெரியாதா? அவ்ளோ திமிரா?”

“டூட்டில இருக்கறான்டி. வாய மூடிக்கினு இரு.”

கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதி, எல்லோரையும் ஒரு கூடத்துக்கு வரச்சொன்னார்கள். ஆபத்து வந்தால் எப்படித் தப்பிப்பது என்று ஒத்திகை. எங்கள் வரிசைக்கு மாமாதான் வந்தார். பக்கத்திலிருந்த பையனுக்கு மிதவைச் சட்டையின் வாரை மாட்டிவிட்டு, கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். எனக்கும் மாட்டினார். சிரிக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு என் பொறுமை போய்விட்டது. கப்பல் புறப்படுவதைப் பார்க்க எல்லோரும் மேல்தளத்துக்கு ஏறினார்கள். நான் கூட்டத்தில் நழுவி வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே தமிழ் பேசும் ஓர் அக்கா இருந்தார்.

“எங்க ரூமுக்கு வர்ற ஆளு சரியில்ல,” என்றேன். “மரியாதயே இல்ல. வேணும்னே பெல்ட்ட இறுக்கிட்டாரு. வலிக்குது.”

வலிக்கவில்லை. அந்த அக்கா இரண்டு முறை ‘சாரி’ சொல்லி, அறை எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

சாயங்காலம் படுக்கை விரிக்க வேறொருவர் வந்தார்.

“மதியம் வந்த தம்பி எங்கங்க?” என்றாள் அம்மா.

“வேற டெக் மாத்திட்டாங்க மேடம். யாரோ கம்ப்ளெய்ண்ட்.”

அம்மா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். “எந்தப் பாவி குடுத்தது?” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மூன்று நாளும் அம்மா எதையும் ரசிக்கவில்லை. தளம் தளமாக ஏறி இறங்கி, திறந்திருந்த கதவுகளை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது. நம்மை மதிக்காதவரை ஏன் இப்படித் தேடுகிறாள் என்று அவளோடு பேசாமல் இருந்தேன்.

எந்த அறையிலிருந்து புகார் போனது என்பது மாமாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இதுவரை அவர் என்னிடம் கேட்டதில்லை.

வேலையில்லாத நேரத்தில் ஊழியர்கள் பயணிகள் இருக்கும் பக்கம் வரவே கூடாது, வேலை நேரத்தில் சொந்தக்காரர்களோடும் உறவு கொண்டாடக் கூடாது என்பது அந்தக் கப்பலின் சட்டம். அந்த ஆறாவது தளத்து வேலையை மாமா, இன்னொருவரின் வேலையையும் சேர்த்து ஒரு மாதம் செய்து, கெஞ்சி வாங்கியிருந்தார் என்று பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். துண்டு மாற்றுகிற சாக்கில், ஒரு நாளைக்கு இரண்டு தடவை தன் அக்காவின் எதிரே நிற்பதற்காக.