பாறைக்குழியில் படகு சவாரி: ஏணியும் ஜாக்கெட்டும்

பழைய நோட்டு செல்லாமல் போனதற்கு அடுத்த வருடம் அது. ஜி.எஸ்.டி. வரப்போகிறது என்று திருப்பூரில் ஒவ்வொரு முதலாளியும் ஆடிட்டர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த சித்திரை மாதம். மண்ணரையில் நான் அயர்ன் போட்டுக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் பெரிய ஷிப்மெண்ட் ஒன்று முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்களைப் படகு சவாரிக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். லீவுக்குப் படகில் போகலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காலை ஏழு மணிக்கு வேன் கிளம்பியது. பல்லடம் வழியாக முப்பத்திரண்டு கிலோமீட்டர். டிபனுக்கு நிறுத்தியும் எட்டரைக்குச் சேர்ந்துவிட்டோம். சாப்பாட்டோடு ஆளுக்கு இருநூறு ரூபாய். போன இடம் ஒரு பழைய கல் குவாரி. எங்கள் பக்கம் பாறைக்குழி என்போம். கல் வெட்டி முடித்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று, அடி தெரியாத ஆழமாகிவிட்டது. சுற்றிலும் செங்குத்துப் பாறை, இறங்க ஒரே ஒரு சரிவு. முதலாளியின் மச்சினன் செந்தில் அதை வாங்கி, பழைய ஃபைபர் படகு ஒன்றை விட்டிருந்தார்.

தண்ணீரில் விழுந்தவர் ஏறிவருவதற்கென்று படகோடு ஒரு கொக்கி வைத்த அலுமினிய ஏணியும் எங்கள் கம்பெனிக்கு வந்து இறங்கியது. அந்தக் கொக்கி எங்கள் குடோன் ராக்கில் கச்சிதமாக மாட்டியது. துணி ரோல் எடுக்க வாகாக இருந்ததால் ஏணி குடோனிலேயே தங்கிவிட்டது.

ஜாக்கெட் விஷயம் அதைவிட மோசம். சாம்பிளைப் பார்த்துத் தைப்பதுதானே எங்கள் ஊர்த் தொழில்? டெய்லர் வேலுச்சாமி இரவல் வாங்கிய ஒரு லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்து ஐந்து தைத்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாம்பிள் என்பதால் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தொட்டால் மெத்தென்று இருந்தது. பெண்கள் உள்ளாடைக்கு வைக்கும் ஸ்பாஞ்சை உள்ளே வைத்துவிட்டார். முன்னால் கட்ட ஹூடி நாடா.

"ஏனுங்ண்ணா, சைஸ் லேபிள் வெக்கலீங்களா?" என்று கேட்டாள் செக்கிங்கில் துணிக் குறை பார்க்கும் மேரி.

"உனக்கு டபுள் எக்ஸ்எல் கண்ணு. பேசாம மாட்டு."

"சாயம் போகுமுங்களா?"

"தண்ணியில போட்டாத்தான தெரியும்!" என்றார் வேலுச்சாமி. எல்லோரும் சிரித்தோம்.

முதல் நடையில் ஐந்து பேர். செந்தில், வேலுச்சாமி, மேரி, என்னோடு அயர்ன் போடும் ஒடிசாக்காரர் ரஞ்சன், நான். நடுக்குழியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, போட்டோ எடுக்க நால்வரும் ஒரே பக்கமாக எழுந்து நின்றார்கள். படகு சாய்ந்தது. நால்வரும் தண்ணீரில். படகு தானாக நிமிர்ந்துகொண்டது. முழங்கால் வலியால் கீழே உட்கார்ந்திருந்த நான் மட்டும் உள்ளே.

முதலில் மிதக்கத்தான் செய்தார்கள். பிறகு ஸ்பாஞ்ச் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. படகின் விளிம்பைப் பிடிக்க முடிந்தது, ஏற முடியவில்லை. வேலுச்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். சாயப்பட்டறையில் நனைந்த துணி மூட்டையை இழுப்பதுபோல் இருந்தது. ஒரு சாண்கூட எழும்பவில்லை.

"நாடாவ அவுரு வேலு!"

"முடிச்சு எறுகிப் போச்சுங்க... வரமாட்டேங்குது."

மேரியின் கழுத்தில் நூல் வெட்டும் சின்ன டிரிம்மர் கத்தரி கயிற்றில் தொங்கியது. செக்கிங் பெண்கள் பலர் லீவு நாளிலும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்கள். அவள் தன் நாடாவை வெட்டினாள். ஜாக்கெட் கல்லைப்போல் இறங்கியது. பக்கத்தில் இருந்த ரஞ்சனின் நாடாவையும் வெட்டினாள். ரஞ்சனுக்கு நீச்சல் தெரியும். மூழ்கி, அவள் காலடிக்குப் போய்த் தோளைக் கொடுத்தார்.

"அக்கா, மேல நில்லு! தாதா, இழு!" என்று எங்கள் இருவருக்கும் கத்திவிட்டுத்தான் மூழ்கினார்; என்னை அவர் தாதா என்றுதான் கூப்பிடுவார்.

மேரி படகுக்குள் வந்து விழுந்தாள். கயிறு அறுந்து டிரிம்மர் தண்ணீரோடு போய்விட்டது. ரஞ்சன் அடுத்து வேலுச்சாமிக்குத் தோள் கொடுக்கப் போனார். வேலுச்சாமி பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். என் கையிலிருந்து வேலுச்சாமியின் விரல்கள் நழுவின. இருவரும் மேலே வரவில்லை. எஞ்சினைக் கட்டிக்கொண்டு தொங்கிய செந்திலை, கரையிலிருந்து லாரி ட்யூபில் வந்தவர்கள் மீட்டார்கள்.

ரஞ்சனின் அண்ணன் ரயிலேறி வந்தார். நீச்சல் தெரிந்தவன் எப்படிச் செத்தான் என்று கேட்டார். எனக்கு இந்தி வராது. மேரி தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

படகில் போகிறவர்கள் ஏணி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைசிப் படிகள் தண்ணீருக்குள் நன்றாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கால் வைக்க முடியாது. ஜாக்கெட்டில் தரமுத்திரையைத் தேடுங்கள். என்னைப்போல் படிக்கத் தெரியாதவர்கள் தண்ணீரில் நன்றாக அமுக்கி வைத்து, எடுத்துப் பிழிந்து பாருங்கள். சொதசொதவென்று கனத்தால் ஏறாதீர்கள். கயிறு கட்டிய மிதவை வளையம் படகிலும் வேண்டும், கரையிலும் வேண்டும். போட்டோவை உட்கார்ந்தே எடுங்கள். கொடுத்த டிக்கெட் காசு போனால் போகட்டும்.

பாறைக்குழிக்கு இப்போது வேலி போட்டுவிட்டார்கள். செந்தில் கொரோனாவில் போனார். நான் அன்று நனையவே இல்லை, என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதைச் சொல்லட்டுமா என்று மேரியிடம் போனில் கேட்டதற்கு, "ரஞ்சன் பேரப் போட்டுச் சொல்லுங்கய்யா" என்று பதில் வந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது, ராயபுரத்தில் பேக்கிங் வேலை பார்க்கும் மேரி ஒருத்திதான்.