கலைத்த தொகுதியும் பாதிப் பாலமும்

டாலா ஊருக்குப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் நான் தொகுதி எல்லைகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். நான் ஓய்வு பெறும் வருஷம் எங்கள் மேலதிகாரி சயா (பர்மிய மொழியில் 'ஐயா' மாதிரி, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம்) என்னை அழைத்து, கலைத்துவிட்ட ஒரு கிராமத் தொகுதியின் வரலாற்றை எழுதச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோடு போடுகிறவனுக்கு வரலாறு எங்கே தெரியும்? சரி, போய்த்தான் பார்ப்போமே என்று படகேறினேன்.

அந்தத் தொகுதிக்கு ஓடைதான் எல்லை. அக்கரையிலிருந்து கிளம்பிய மரப்பாலம் ஒன்று ஓடை நடுவிலேயே நின்றிருந்தது. இதென்னடா கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இக்கரையில் காய்கறி விற்கும் தனம் என்ற பெண்தான் விளக்கினாள். அக்கரைத் தொகுதி உறுப்பினர் தன் எல்லைவரை கட்டிவிட்டாராம். மீதியை இக்கரை உறுப்பினர் கட்ட வேண்டும். அதற்குள் இக்கரைத் தொகுதியையே கலைத்துவிட்டார்கள்.

"இப்ப நாங்க எந்தத் தொகுதிண்ணே?" என்றாள்.

"பக்கத்துத் த்வாண்டேல சேத்துட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"த்வாண்டேல கேட்டா டாலாங்கிறாங்க, டாலால கேட்டா த்வாண்டேங்கிறாங்க. எம் மகளுக்கு இது நிறைமாசம். தண்ணி வத்துற நேரத்துல வலி வந்தா சேத்துல படகும் போகாது, நடக்கவும் முடியாது. யாருகிட்டண்ணே போய்க் கேக்குறது?"

ஆபீசுக்கு வந்து சயாவிடம் சொன்னேன். வரலாறு கேட்டால் பாலத்தோடு வந்து நிற்கிறாயே என்று சலித்துக்கொண்டார். யார் பொறுப்பு என்று அவருக்கும் தெரியவில்லை, பாவம்.

கொஞ்ச நாளில் அக்கரையிலிருந்து புகார் வந்தது. பாலத்துப் பலகைகளை யாரோ பிடுங்கிவிட்டார்களாம். மறுபடி என்னைத்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பாலம் முழுசாக நிற்கிறது! கட்டி முடித்த பாதியில் ஒன்றுவிட்டு ஒரு பலகையைக் கழற்றி, மறுபாதியில் மூங்கில் நட்டு அதன்மேல் அடித்திருந்தார்கள் இக்கரைக்காரர்கள். இடைவெளிகளைத் தாண்டித் தாண்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தனத்தின் மகளை, தண்ணீர் வற்றியிருந்த ஒரு மத்தியானம், அதே பலகைகளின் மேல் கைத்தாங்கலாக அழைத்துப் போயிருக்கிறார்கள். டாலா ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சயா கேட்டார்: "பிடுங்கினவங்க எந்தத் தொகுதி ஆளுங்க?"

"கலைச்ச தொகுதி, சயா."

"அப்ப யார் மேல கேஸ் போடுறது?"

"தெரியல சயா."

அவர் புகார்த் தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். பிறகு டீ வாங்கி வரச் சொன்னார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த ஊர் எதில் சேரும் என்று குழம்பினால் குழம்புங்கள், அதில் வெட்கமில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அங்கிருந்து வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கோடு போடுங்கள்.